பேரைச் சொல்லிப் போட்ட ஓட்டு

ஜெயித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். ஐம்பதுகளில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் ஒரு முறை என் வீட்டுக்காரர் தோற்றார், மறுமுறை நான் ஜெயித்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

முதலில் இங்கிலாந்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் ஓசூரில் நான்காவது பாரம் வரைக்கும் படித்தவள். அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. அதனால் பெண்ணைப் படிக்கவும் வைத்தார், சுற்றுவட்டாரத்தில் ஒருத்திக்கும் இல்லாத புதுமாதிரிப் பேராகவும் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலாந்து சரித்திரம் பாடம். ராகி விளைகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி எந்த ராஜா எந்த ராஜாவை வெட்டினான் என்று உருப்போட்டோம். எல்லாம் மறந்துபோச்சு. ஒன்று மட்டும் மனதில் நின்றது. அந்தப் பழைய காலத்தில் அங்கே பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் ஜில்லா ஜனங்களை ஓரிடத்தில் கூட்டுவார்கள். நடத்தி வைப்பவர் ஷெரீப் என்கிற ராஜாங்க அதிகாரி. ஜனங்கள் தங்களுக்கு வேண்டியவன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். எந்தச் சத்தம் பெரிது என்று ஷெரீப் சொல்கிறாரோ அவன்தான் ஜெயித்தவன். ஷெரீப்புக்கு வேண்டியவன் பேரை நாலு பேர் முனகினால்கூட அவர் காதில் இடி மாதிரி விழும். வேண்டாதவன் பேரை ஊரே கத்தினாலும் காது அடைத்துக்கொள்ளும். அப்புறம் அடிதடி, வழக்கு, ராஜாவிடம் முறையீடு. தப்பு செய்த ஷெரீப்புக்கு அபராதமும் உண்டு என்று படித்த ஞாபகம்.

வகுப்பில் இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெஞ்சு மேல் ஏறி நிற்க வைத்தார்கள். கல்யாணமாகி சூளகிரிப் பக்கம் வந்த பிறகுதான் அந்த ஷெரீப்பை நேரிலேயே பார்த்தேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பெங்களூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. இன்றைக்கு அங்கே கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு ஒரு கோயில், ஒரு புளியமரம், மரத்துக்கு எதிரே கல்லால் கட்டிய ஒரு சாவடி. சாவடி ஊருக்குப் பொதுவான கட்டடம், பஞ்சாயத்து கூட வேண்டிய இடம். அதில் பஞ்சாயத்து கூடி நான் பார்த்ததில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அதில் தன் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கி, பூட்டு போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். ஊரில் பெரும்பாதி நிலம் அவருடையது. கூலிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவரைப் பெரிய வீட்டுக்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

என் முதல் பிள்ளை ஓசூருக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியில் பிறந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் புறப்பட நாள் பார்த்திருந்தோம், வலி முந்திக்கொண்டது. என் வீட்டுக்காரர் மாட்டை விரட்டவும் முடியாமல் விரட்டாமல் இருக்கவும் முடியாமல் அழுதுகொண்டே ஓட்டினார். பிள்ளை அழவே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் பிளாக் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கூரையும் கதவும் உள்ள ஒரு கட்டடத்தைப் பஞ்சாயத்து கொடுத்தால், பிரசவம் பார்க்கப் படித்த நர்சம்மாவை ஊரோடு வைத்துவிடுகிறோம், கட்டிலும் சாமானும் நாங்களே தருகிறோம் என்றார். கொடுக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். கட்டடம் கண்ணெதிரே நிற்கிறது! பெரிய வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"கடலைக்காய் மூட்டைய எங்க கொண்டுபோய் வெக்கறது? நம்ம பொம்பளைங்க இத்தினி நாளா புள்ள பெக்கலியா?"

புளியமரத்தடியில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்களாம். வீட்டுக்காரர் வந்து சொன்னதும் கையில் இருந்த முறத்தைத் தூக்கி எறிந்தேன். கோழிகள் சிதறி ஓடின.

"எலெக்சன் வருதில்ல? நீங்க நில்லுங்க" என்றேன்.

"அவர எதுத்தா?"

"எதுத்துத்தான். கூட நிக்கறதுக்கா எலெக்சனு?"

என் வீட்டுக்காரர் சாது. ஆனால் ஊரில் நல்ல பேர். யார் வீட்டு மாடு கன்று போடப் படுத்தாலும் கிணற்றில் வாளி விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற மனுஷர். ரெண்டு நாள் யோசித்துவிட்டு நின்றார்.

எங்கள் ஊரைப் போன்ற சின்னப் பஞ்சாயத்துக்கு அப்போது சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. முன்னெல்லாம் கை தூக்கச் சொல்வார்கள். ஆளாளுக்கு ரெண்டு கையையும் தூக்கிவிட்டதால் அது சண்டையில் முடிந்தது. ஆகவே இந்த முறை ஒவ்வொருவராக அதிகாரியின் மேஜை முன்னால் வந்து, யாருக்கு ஓட்டு என்று வாயால் பேரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். இங்கிலாந்து வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. மாமனார், மாமியார் பேரும் அப்படித்தான். புருஷனுக்கு மூத்தவர்கள் பேரும் வராது. அந்தப் பேர் வேறு யாருக்கு இருந்தாலும் சரி, அதுவும் வராது. மளிகைக்கடைக்காரருக்கு மாமனார் பேராக இருந்துவிட்டால் மருமகள், "எங்க மாமா பேரு வெச்சவரு கடை" என்றுதான் சொல்வாள். தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு, எங்கள் ஊரில் மூன்றும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மூன்றும் ஒற்றுமை.

என் வீட்டுக்காரருக்கு மூன்று தம்பிகள், பங்காளி வீடுகள் ஒரு தெரு. அத்தனை வீட்டு மருமகள்களுக்கும் அவர் பேர் வாயில் வராது. எனக்கும் வராது. பள்ளிக்கூடம் போனவள்தான், ஆனாலும் வராது. நாக்கு எழும்பாது, அவ்வளவுதான்.

தேர்தல் அன்று காலையில் அதிகாரி பெரிய வீட்டில்தான் பலகாரம் சாப்பிட்டார். புளியமரத்தடியில் மேஜை போட்டார்கள். பெண்கள் வரிசையில் முதலில் பெரிய வீட்டம்மாள் வந்தார். புருஷன் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதிகாரி, "சரிம்மா, புரிஞ்சுது" என்று குறித்துக்கொண்டார். பின்னால் வந்த அவர் வீட்டு மருமகள்கள், உறவுக்காரப் பெண்கள் எல்லாருக்கும் கும்பிடுதான். எல்லாம் ஓட்டு.

அப்புறம் என் முறை வந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு" என்றேன்.

"பேரு?"

"அதோ, துண்டு போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவருதான்."

"பேரைச் சொல்லணும்மா. சட்டம்."

"இப்ப அந்தம்மா கும்புட்டாங்களே, அது எந்தச் சட்டம்?"

"தள்ளிப் போம்மா, ஆளுங்க நிக்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். அதற்குப் பதிலாக அவர் முகத்தைப் பார்த்து, "நீதான்யா ஷெரீப்பு!" என்று கத்தினேன். அவர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, லேசாகச் சிரித்தார். எனக்குப் பின்னால் வந்த எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும் அப்படியே ஓரங்கட்டினார். என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணுகிற ஓட்டில் தோற்றார். சாவடிக் கதவின் பூட்டு அப்படியே தொங்கியது.

எல்லாரும் விடு என்றார்கள். நான் விடவில்லை. ராஜாவிடம் முறையிட்டார்கள் என்று படித்தேன் இல்லையா? கிருஷ்ணகிரி கோர்ட்டில் தேர்தல் வழக்கு போட்டோம். நானே சாட்சிக் கூண்டில் ஏறினேன். கும்பிட்டவர்களுக்கு ஓட்டு, கை காட்டினவர்களுக்கு இல்லையா என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் நல்ல சாரீரக்காரர். கறுப்பு அங்கியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "பேரை வாயால் சொன்னால்தான் ஓட்டு. சொல்லாதது ஓட்டே ஆகாது. அது யாராக இருந்தாலும் சரி" என்று முழங்கினார்.

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்."

"அப்படியானால் உங்கள் கட்சிக்காரரின் சம்சாரம் போட்டது?"

அடேங்கப்பா, அந்த வக்கீலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

தேர்தல் ரத்தாயிற்று. வேறு அதிகாரியை வைத்து மறுபடி நடத்த வேண்டும். வேட்புமனு புதிதாகப் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி, பேரை வாயால் சொல்ல வேண்டும். தீர்ப்பைக் கேட்ட பெரிய வீட்டுக்காரர் கவலைப்படவே இல்லை. கோர்ட்டு வாசலிலேயே தன் ஆட்களிடம், "இவங்க தெருப் பொம்பளைங்க செத்தாலும் அவன் பேரைச் சொல்ல மாட்டாங்க. போங்கடா, பட்டாசு வாங்கிட்டு வாங்க" என்றார். எங்கள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சூளகிரி மலை கண்ணில் பட்டது. பக்கத்து சீட்டுப் பெண் மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட கை அப்படியே நின்றது.

பெரிய வீட்டுக்காரருக்கு அந்தப் பெருமாளின் பேர். அவருக்கு மட்டுமா? எங்கள் வீட்டைப் போல ஒன்றிரண்டு தவிர, ஊரில் வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளைக்கு அந்தப் பேர்தான். ஒரு வீட்டில் புருஷன், ஒரு வீட்டில் மாமனார், ஒரு வீட்டில் மூத்தார். அந்தப் பேரைச் சொல்லக் கூடிய பெண் ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க, என் பேரைச் சொல்லக் கூடாதவங்க நம்மூர்ல யாராச்சும் இருக்காங்களா?"

"உன் பேரையா? அந்தப் பேரே யாருக்கும் கெடையாதே. யார் வேணும்னாலும் சொல்லலாம்."

"அவரு பேரை?"

தெருத் தெருவாக மனதுக்குள் எண்ணுகிறார் என்று அவர் உதடு அசைவதில் தெரிந்தது. பாதித் தெரு எண்ணுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாது மனுஷர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "இன்னாங்க, கேஸ் ஜெயிச்சிட்டீங்களா?" என்றார்.

"இனிமேத்தான்" என்றேன் நான்.

பெண்டாட்டியை நிறுத்திவிட்டுத் தான் ஒதுங்கினால் ஊர் சிரிக்காதா என்று அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. "சிரிக்கட்டும். ஜெயிச்சப்புறம் நாம சிரிக்கலாம்" என்றேன். அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் என்னோடு வந்து நின்று என் பேரில் மனு கொடுத்தார் பாருங்கள், அதற்கு அவருக்குக் கோயிலே கட்டலாம். மனு கொடுக்கிற கடைசி நாள் பார்த்துத்தான் போனோம். எதிராளி சுதாரித்துக்கொண்டு வேறு ஆளை நிறுத்திவிடக் கூடாதே! பயப்பட்டிருக்கவே வேண்டாம். பெரிய வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "பொம்பளை, அதுவும் வயித்துல புள்ளையோட!" என்றாராம். ஆமாம், அப்போது நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன். அதனால்தான் எனக்கு அந்தச் சாவடி அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது. இன்னொரு முறை அந்த மாட்டு வண்டியில் ஏற மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

தன் பேர் ஊர்ப் பெண்கள் யார் வாயிலும் வராது என்பது அந்த மனுஷருக்கு ஏன் தோன்றவில்லை என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். தோன்றாதுதான். பிறந்ததிலிருந்து ஆம்பிளைகள் வாயில் மட்டுமே கேட்ட பேர். பெண்கள் வாயில் கேட்டிருந்தால்தானே கேட்காதது தெரியும்?

ஓட்டு கேட்கப் போனபோதுதான் எனக்கு ஒரு சங்கதி தெரிந்தது. என் பேர் ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை! வந்த நாளிலிருந்து நான் இன்னார் பெண்டாட்டி, இன்னார் மருமகள், ஓசூர்க்காரி. மாமியார்கூட 'வாயில நுழையாத பேரு' என்று சொல்லி முதல் வாரமே விட்டுவிட்டார். ஆகவே வீடு வீடாகப் போய் என் பேரைச் சொல்லிக் கொடுத்தேன். களை எடுக்கிற இடத்தில், ராகி திரிக்கிற இடத்தில், தண்ணீர் எடுக்கிற இடத்தில் என்று போகிற இடமெல்லாம் பெண்கள் அதைச் சொல்லிப் பழகினார்கள். தெலுங்கு வீடுகளில் ஒரு மாதிரி இழுத்தார்கள், கன்னட வீடுகளில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தார்கள். எனக்கு எல்லாமே இனித்தது. கழனியில் குனிந்தபடி ஒருத்தி என் பேரைக் கூப்பிட, இன்னொருத்தி வரப்பிலிருந்து அதையே திருப்பிச் சொல்ல, இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மறு தேர்தல் நாள் வந்தது. புது அதிகாரி சேலத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான ஆள், நெற்றியில் நாமம். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமல்லவா? முதலில் ஆம்பிளைகள். அவர் கண்ணெதிரே கூலிக்காரர்கள் பாவம் என்ன செய்வார்கள், பாதிப் பேர் அவர் பேரைத்தான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. அவரும் அதுவரை என் பேரைச் சொன்னதில்லை. 'ஏம்மே', 'இந்தா' இவ்வளவுதான். ஆம்பிளைக்குத் தடை ஒன்றும் கிடையாது, கூச்சம்தான். மேஜை முன்னால் போய் நின்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"யாருக்கு?"

தொண்டையைக் கனைத்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தி, "சொல்லுங்க மச்சான், புதுப்பொண்ணு மாதிரி நிக்கறீங்களே!" என்றாள். ஊரே கொல்லென்று சிரித்தது. அவர் படாரென்று என் பேரைச் சொன்னார். அவ்வளவு சத்தமாகச் சொல்வார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வேட்பாளர் செய்கிற காரியமா அது!

அப்புறம் பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தது பெரிய வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி மனைவி. பழைய ஞாபகத்தில் ஒரு கும்பிடு போட்டாள்.

"பேரு சொல்லணும்மா" என்றார் அதிகாரி.

"நம்ம மலைமேல நிக்கறாரே, சங்கு சக்கரத்தோட. அவரு பேரு."

"அவர் பேரு என்ன?"

"தெரியாதாங்க சாமி? நாமம் வேற போட்டிருக்கீங்க!"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"போன தடவ கும்புட்டாவே போதும்னாங்களே!"

"அதுக்குத்தானேங்க கோர்ட்டுல ரத்து பண்ணாங்க. பேரைச் சொல்லாதது ஓட்டே ஆகாது, யாரா இருந்தாலும். உங்க வக்கீல் சொன்னதுதான்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பெண்கள் வரிசையைப் பார்த்தார். வரிசை கோயில் வரைக்கும் நீண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் எண்ணின அதே கணக்கை அவர் இப்போது எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இதற்காகவே நான் தேர்தலில் நின்றிருக்கலாம்!

அதற்கு மேல் நடந்தது நான்கூட எதிர்பார்க்காதது. அவர் நிலத்தில் கூலி செய்கிற பெண்கள் வந்தார்கள். அவர் கண்ணெதிரே அவரை எதிர்த்து ஓட்டுப் போட அவர்களுக்குத் துணிச்சல் வருமா என்று நான் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். முதலில் வந்தவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"உங்க பேரு எங்க மாமனார் பேருங்க. என் வாயால சொல்லலாங்களா? பாவமில்லீங்களா? வாயில வர்ற பேரு இது ஒண்ணுதாங்க."

என் பேரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் என்ன செய்வார்? தன் பேருக்கு மரியாதை கொடுத்தவளைத் திட்ட முடியுமா? அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அதே கும்பிடு, அதே பணிவு, அதே என் பேர். 'சொல்லக் கூடாதுங்களே', 'எங்க பெரிய மாமா பேருங்களே' என்று ஒவ்வொருத்தியும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எனக்கு ஓட்டுப் போட்டாள். சில பேருக்கு அந்தப் பேரில் மாமனாரும் கிடையாது, மூத்தாரும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்!

கடைசியாகப் பெரிய வீட்டம்மாள் வந்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து அந்த வீட்டில் இருந்தாள், மாதம் நெருங்கியிருந்தது. மேஜை முன்னால் நின்றார். அதிகாரி கேட்டார். அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பெரிய வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு.

"நா பேரு செப்பு. பர்வாலேது" என்றார். என் பேரைச் சொல்லு, பரவாயில்லை என்று அத்தனை கூட்டத்தின் நடுவில் பெண்டாட்டியிடம் கேட்டார்.

அந்த அம்மாள் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்.

"கல்யாணமான நாள்ல இருந்து சொல்லாத பேரை இன்னிக்கு ஒரு ஓட்டுக்காகச் சொல்லுவனா? உங்க ஆயுசுதான் எனக்குப் பெருசு."

ஊர் உச்சுக் கொட்டியது. அவர் முகத்தில்கூட லேசாக ஒரு பெருமை. அந்த அம்மாள் அதிகாரியின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தும் பிசகாமல் என் பேரைச் சொன்னார். யாரிடம் பழகினாரோ, எப்போது பழகினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுந்த சத்தத்தில் புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது. அதிகாரி எழுந்து நின்று முடிவைப் படித்தபோது யாருக்கும் கேட்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. ஒருநாள் முழுவதும் ஊரே என் பேரைச் சொல்லியிருந்தது. நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, நன்றாகவே அழுதேன். பட்டாசு? அவர்கள் வாங்கி வைத்திருந்ததைத்தான் எங்கள் பையன்கள் எப்படியோ கொண்டுவந்து வெடித்தார்கள்.

மறுநாளே சாவடியின் சாவியை வாங்கினேன். மூட்டைகளை வெளியே எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு படை எலி ஓடியது. தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம். நல்ல வேளையாக அதற்குள் வேறு எந்த ஊரும் கட்டடம் கொடுத்திருக்கவில்லை, சொன்னபடி நர்சம்மா கட்டில் சாமானோடு வந்து சேர்ந்தார். அங்கே முதலில் பிறந்தது பெரிய வீட்டுக்காரரின் பேத்தி. அன்றைக்கு அவர் புளியமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். தாயும் சேயும் சுகம் என்றதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றார். பழைய கோபத்தில் ஏதாவது சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சரி போ என்று விட்டுவிட்டேன். ஜெயித்தவளுக்கு அவ்வளவு தாராளம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அப்புறம் என் முறை வந்தது. நல்ல பகல் வெளிச்சம். மாமியார் கதவுக்கு வெளியே, வீட்டுக்காரர் புளியமரத்தடியில், அவரோடு பாதி ஊர். தலைவரம்மாவுக்குப் பிரசவம் என்றால் சும்மாவா! வலி உச்சத்துக்குப் போனபோது எனக்கு அந்த மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. பயத்தில் உடம்பு விறைத்துவிட்டது. நர்சம்மா, "கத்தும்மா, அடக்காத, யார வேணும்னாலும் கூப்பிட்டுக் கத்து" என்றார். கத்தினேன். அம்மா என்று கத்தவில்லை, பெருமாளே என்றும் கத்தவில்லை. என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கத்தினேன். ஒரு தடவை இல்லை, பிள்ளை வெளியே வருகிற வரைக்கும் அதே பேர்தான். தேர்தலில் வராத பேர், ஷெரீப் கேட்டபோது வராத பேர், கல்சுவரைத் தாண்டி ஊர் முழுக்கக் கேட்டது.

என் மகள் பிறந்த உடனேயே அழுதாள். அப்படி ஓர் அழுகை. அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

அவரை உள்ளே விட்டார்கள். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காமல், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் சொன்னார்:

"என் பேரை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, கிருஷ்ணகிரிக் கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாமேடி!"